மணிக்கட்டில் கட்டிய தேர்வுப் பணம்

அக்கா, தேர்வுக்குப் பணம் கட்டியாயிற்றா என்று நீ மூன்று முறை கேட்டுவிட்டாய். மூன்று முறையும் நான் சிக்னல் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்தேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாத நிலைமை. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். அம்மாவுக்கும் அத்தானுக்கும் நீயே படித்துக் காட்டு. திட்டுவதாக இருந்தால் மூன்று பேரும் சேர்ந்து ஒரே தடவையாகத் திட்டிவிடுங்கள், தவணை முறையில் வேண்டாம்.

என்னுடைய வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஆனால் நான் இங்கே பல் பிடுங்குகிறேன் என்று அம்மா யாரிடமோ சொல்லியிருக்கிறாள். பிடுங்குவது டாக்டர். பிடுங்கிய இடத்தில் மாட்டுகிற செட்டைச் செய்வது எங்கள் லேப். அந்த லேபிலும் நான் கடைசி மேஜை. பல் செட்டுக்கு அடியில் ஒரு உலோகச் சட்டம் இருக்கும். அது வார்ப்பிலிருந்து வரும்போது கரடுமுரடாக இருக்கும். முதலில் கல்லில் தேய்த்து, அப்புறம் ரப்பர் சக்கரத்தில் ஓட்டி, கடைசியில் துணிச் சக்கரத்தில் பசை தடவிப் பளபளப்பாக்க வேண்டும். ஒரு மயிரிழைக் கீறல்கூட இருக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறல் நாக்குக்குத் தெரிந்துவிடும். எங்கள் சூப்பர்வைசர் அம்மா ஒவ்வொரு சட்டத்தையும் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். மேலே இருக்கிற டியூப்லைட் அதில் நேர்கோடாகத் தெரிந்தால்தான் பெட்டிக்குள் போகும். இல்லையென்றால் ஒரு வார்த்தை பேசாமல் என் மேஜையில் திரும்ப வைத்துவிட்டுப் போவார். மூன்று வருடமாக இதுதான் வேலை.

அந்தக் கடைசி மேஜையிலிருந்து முன் மேஜைக்குப் போக வேண்டுமானால் பதிவுத் தேர்வு எழுத வேண்டும். அதில் இரண்டு பகுதி, எழுத்து ஒன்று, செய்முறை ஒன்று. இரண்டிலும் தேறினால் சம்பளம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வருடத்துக்கு ஒரு முறைதான் நடக்கும். கட்டணம் எவ்வளவு என்று இந்த ஊர்க் காசில் சொன்னால் அத்தான் உடனே நம்ம காசுக்குப் பெருக்கிப் பார்த்து மயங்கி விழுவார். அதனால் மொத்தம் பத்துப் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்முறைக்கு ஆறு, எழுத்துக்கு நாலு. அந்தப் பத்துப் பங்கை நான் சேர்த்து வைத்திருந்தேன். கடைசித் தேதிக்கு ஐந்து மாதம் இருந்தது. இங்கேதான் தப்பு ஆரம்பித்தது. அல்லது இங்கே ஆரம்பிக்கவில்லையோ என்னவோ, அதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை.

என் அறையில் இன்னொருவன் இருக்கிறான். அவனுக்கு அமைச்சர் என்று பேர் வைத்திருக்கிறோம். விசா, வாடகை, வயிற்றுவலி என்று எதைக் கேட்டாலும் கருத்து சொல்வான். எல்லா இலாகாவும் அவனிடம் இருக்கும், நிதி மட்டும் இருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டே ஆரம்பித்தான்.

"உன் பணம் பேங்க்ல என்னடா பண்ணுது?"

"சும்மா இருக்கு."

"அதான் கேக்கறேன். நீ நாள் பூரா நின்னுக்கிட்டே வேலை செய்யற. அது மட்டும் கால நீட்டிப் படுத்திருக்கு. உனக்கு எரியல?"

அதுவரை எனக்கு எரியவில்லை. அவன் சொன்ன பிறகு லேசாக எரிந்தது.

"நல்ல கம்பெனி வாட்ச் ஒண்ணு வாங்கு. பழசே போதும். டப்பா, வாரன்டி கார்டு எல்லாத்தோடயும் வாங்கு. அஞ்சு மாசத்துல பன்னெண்டாக்கிக் காட்டறேன். தங்கம் மாதிரிதான்டா, என்ன, இது நேரமும் காட்டும்."

"நீ வாங்கியிருக்கியா?"

"நான் வாங்கினா உனக்கு யாரு யோசனை சொல்றது?"

அவன் போனில் ஒரு வரைபடம் காட்டினான். ஒரு கோடு இடது கீழ் மூலையில் தொடங்கி வலது மேல் மூலைக்குப் போனது. எனக்கு அந்தக் கோடு ரொம்பப் பிடித்துவிட்டது. மூன்று வருடத்தில் என் வாழ்க்கையில் எதுவும் அந்தத் திசையில் போகவில்லை.

பழைய வாட்ச் விற்கிற கடை ஒன்று மார்க்கெட் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருக்கிறது. அழைப்பு மணி அடித்தால் உள்ளே இருந்து பூட்டைத் திறந்துவிடுவார்கள். கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும், சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். அவர் கையில் வாட்ச் இல்லை. அது எனக்கு வித்தியாசமாகப் பட்டது, ஆனால் கேட்கவில்லை. பத்துப் பங்குக்குச் சரியாக ஒரு எஃகு வாட்ச் எடுத்து வைத்தார். நீல முகம். முகத்தைச் சுற்றி மேல் பக்க எஃகு முழுக்கத் தலைமுடி மாதிரி மெல்லிய கோடுகள், அதனால் கொஞ்சம் மங்கலாக இருந்தது. பக்கவாட்டு மட்டும் மின்னியது. ஓரங்கள் கத்தி மாதிரி கூர்மை.

"இது விலை ஏறுமா சார்?" என்று கேட்டேன்.

"ஏறலாம். இறங்கலாம். நான் ஜோசியக்காரன் இல்ல. போட்டுக்கப் பிடிச்சிருந்தா வாங்குங்க தம்பி."

இதில் எனக்குக் காதில் விழுந்தது "ஏறலாம்" மட்டும்தான். வாங்கிவிட்டேன்.

வாங்கி வெளியே வந்ததும் முதல் குழப்பம். கையில் கட்டிக்கொள்வதா, டப்பாவில் வைப்பதா? கட்டினால் கீறல் விழும், விலை குறையும். வைத்தால் அறையில் ஆறு பேர் வந்து போகிறார்கள், திருடு போகும். அமைச்சரைக் கேட்டேன்.

"கட்டிக்கோ. ஆனா கைய ஆட்டாம நட."

அப்படியே நடந்தேன். பஸ்ஸில் சட்டைக் கையை முழுக்க இறக்கிவிட்டு, இடது கையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒரு பெரியவர் எழுந்து, "கை அடிபட்டிருக்கா தம்பி, உக்காருங்க" என்று இடம் கொடுத்தார். உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது? லேபில் தூசி பறக்கும் என்பதால் கழற்றிக் காலுறைக்குள் வைத்து, காலுறையைப் பைக்குள் வைத்து, பையை லாக்கருக்குள் வைத்து, மணி என்னவென்று பக்கத்து மேஜைக்காரனைக் கேட்பேன்.

அம்மா, நீ ஒரு நாள் வீடியோவில் என் கையைப் பார்த்துவிட்டாய், ஞாபகம் இருக்கிறதா?

"கைல என்னடா புதுசா? நல்லா இருக்கே. எவ்வளவு?"

நான் பயத்தில் ஒரு செருப்பு விலையைச் சொன்னேன்.

"இவ்வளவு மலிவா? அப்ப அத்தானுக்கும் ஒண்ணு வாங்கி அனுப்பேன். இதே மாதிரி நீலமா."

பின்னாலிருந்து அத்தான், "எனக்கு எதுக்குங்க அதெல்லாம்" என்றார். அடுத்த நொடியே, "கறுப்பு இருக்கானு கேளுங்க" என்றார். அத்தான், அந்தக் கடையை இடித்துவிட்டார்கள் என்று நான் சொன்னது பொய். கடை அப்படியேதான் இருக்கிறது. மன்னித்துவிடுங்கள்.

தினமும் காலையில் பல் தேய்த்துக்கொண்டே போனில் அந்தக் கடையின் விலைப் பட்டியலைப் பார்ப்பேன். மூன்றாவது மாதம் அதே மாதிரி வாட்சைப் பதினொன்றுக்குப் போட்டிருந்தார்கள். விற்றுவிடலாமா என்று அமைச்சரிடம் கேட்டேன்.

"பதினொண்ணுலயா? பைத்தியமாடா நீ? ஏறும்போது யாராவது விப்பானா?"

அடுத்த மாதம் பத்தரை என்று போட்டிருந்தார்கள். இப்போது விற்கலாமா என்று கேட்டேன்.

"இறங்கும்போது யாராவது விப்பானா?"

அப்படியானால் எப்போதுதான் விற்பார்கள் என்று கேட்டதற்கு, அது அனுபவத்தில் வரும் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான்.

கடைசித் தேதிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எங்கள் அறைக் கதவின் தாழ்ப்பாள் வாட்சில் உரசிவிட்டது. மேல் பக்கத்தில் ஒரு கீறல், அரிசி நீளம் இருக்கும். அக்கா, உனக்கு எப்படிச் சொல்வது, என் வயிற்றில்தான் அந்தக் கீறல் விழுந்தது. வேறு யாராக இருந்தாலும் துடைத்துப் பார்த்துவிட்டு விட்டிருப்பார்கள். நான் மூன்று வருடமாகக் கீறல் எடுக்கிறவன். கீறலோடு ஒரு உலோகத் துண்டை யார் கையிலாவது கொடுப்பது என்றால் எனக்கு அவமானம். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வெளியே போன பிறகு வாட்சை எடுத்தேன். முகத்தின் மேல் இருக்கிற கண்ணாடியை டேப் ஒட்டி மூடினேன். முதலில் அந்த ஒரு இடத்தை மட்டும் ரப்பர் சக்கரத்தில் தொட்டேன். கீறல் போய்விட்டது. ஆனால் அந்த இடம் மட்டும் மின்னியது, சுற்றிலும் மங்கல். ஒட்டுப்போட்ட மாதிரி இருந்தது. அதனால் கொஞ்சம் பரப்பினேன். இன்னும் கொஞ்சம். கடைசியில் துணிச் சக்கரத்தை மாட்டி, நல்ல பசையாக எடுத்து, மேல், பக்கம், ஓரம், சங்கிலியின் ஒவ்வொரு கண்ணி என்று எதையும் விடவில்லை. சாப்பிடவும் இல்லை.

தூக்கிப் பிடித்தேன். டியூப்லைட் நேர்கோடாகத் தெரிந்தது.

சூப்பர்வைசர் அம்மா திரும்பி வந்து பார்த்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பல்லா இருந்தா பாஸ் போட்டிருப்பேன்" என்றார். மூன்று வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

அந்தத் தெம்பிலேயே சனிக்கிழமை கடைக்குப் போனேன். எப்படியும் பதினொன்று வரும், கூடவே இந்த ஐந்து மாதமும் சேர்த்து நான் ஒதுக்கிய ஒரு பங்கு கையில் இருக்கிறது, தேர்வுக்குப் பத்துக் கட்டிவிட்டு மீதியில் அத்தானுக்கு நிஜமாகவே ஒரு கறுப்பு வாட்ச் வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே படி ஏறினேன்.

கடைக்காரர் கண்ணில் இடுக்கிக்கொள்கிற சின்ன பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இத யாரு பாலிஷ் பண்ணினது?"

"நான்தான் சார்." சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"பல் செட் செய்யற லேப்ல."

"அதான்" என்றார். வாட்சை மேஜையில் துணி விரித்து மெதுவாக வைத்தார், அடிபட்டதை வைக்கிற மாதிரி. "மேல கோடு கோடா இருந்துச்சே, அது அழுக்குன்னு நெனச்சீங்களா? அது கம்பெனில போட்டது. இந்த ஓரம் எல்லாம் கூரா இருந்துச்சு. இப்ப சோப்பு கரைஞ்ச மாதிரி இருக்கு. இத வாங்கறவன் மினுமினுப்புக்குக் காசு குடுக்கறதில்ல. யாரும் கை வெக்காம இருக்கறதுக்குத்தான் குடுக்கறான்."

"ஒரு கீறல் இருந்துது சார்."

"கீறலோட கொண்டு வந்திருந்தா எட்டரை குடுத்திருப்பேன். இப்ப ஏழு."

"ஆனா பதினொண்ணு, பத்தரைன்னு போட்டிருக்கே?"

"அது நான் விக்கற விலை. வாங்கற விலைய எவன் போர்டு போட்டு எழுதுவான்?"

படி இறங்கும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். பாலிஷ் போடாமல் இருந்திருந்தால் எட்டரை. கையில் இருக்கிற ஒன்றைச் சேர்த்தால் ஒன்பதரை. அப்போதும் பத்து வராது. அப்படியென்றால் பாலிஷ் தப்பா, வாங்கினது தப்பா? அல்லது பதினொன்று இருந்த அன்றைக்கு விற்காதது தப்பா? அன்றைக்கும் இவர் ஒன்பதுதானே கொடுத்திருப்பார்? எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். வாட்சை மட்டும் திட்ட முடியவில்லை, அது சரியாக ஓடிக்கொண்டிருந்தது.

அமைச்சர் அசரவில்லை.

"கடைக்காரன் கிடக்கறான். நேரா போட்டுக்கற ஆளுக்கு விப்போம்" என்று போனில் படம் எடுத்துப் போட்டான். பாலிஷ் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. "கேட்டா சொல்லு. கேக்காதவன்கிட்ட எதுக்குப் போய்ச் சொல்ற?"

பணம் கட்டக் கடைசி நாள் வெள்ளி. புதன்கிழமை ஒரு ஆள் வந்தான். எங்கள் தெருமுனை டீக்கடையில் சந்தித்தோம். என்னை விடச் சின்னவன். புது வேலை, கழுத்தில் கம்பெனி அட்டையைக் கழற்றாமலே வந்திருந்தான். டப்பாவைத் திறந்ததும் அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"அண்ணா, புதுசு மாதிரியே இருக்கே! கடைல பாத்தது எல்லாம் ஒரு மாதிரி மங்கலா இருந்துச்சு."

"பத்திரமா வெச்சிருந்தான்" என்றான் அமைச்சர்.

"எவ்வளவு அண்ணா?"

அமைச்சர் ஒன்பது என்றான். அந்தப் பையன் பேரமே பேசவில்லை. சரி என்றான். ஒன்பது, கையில் ஒன்று, மொத்தம் பத்து. இரண்டு பகுதிக்கும் சரியாகப் போதும். அவன் பணத்தை அனுப்பப் போனை எடுத்தான். அனுப்புவதற்கு முன்னால் வாட்சை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தான். கடை பல்பு அதில் தெரிந்தது.

"என்னா ஃபினிஷிங் அண்ணா! மெஷின்ல செஞ்சா இப்படித்தான் வரும் போல."

"மெஷின் இல்ல, நான் கைல பண்ணது" என்றேன்.

மேஜைக்கு அடியில் அமைச்சர் என் காலை மிதித்தான். அக்கா, இதை நீ நேர்மை என்று நினைத்துவிடாதே. நான் யோசித்துச் சொல்லவே இல்லை. என் வேலையை ஒருவன் மெஷின் வேலை என்றதும் வாய் தானாகத் திறந்துவிட்டது. அவன் அதை அசிங்கம் என்று சொல்லியிருந்தால் நான் பேசாமல் பணத்தை வாங்கியிருப்பேனோ? தெரியவில்லை.

"நீங்களேவா? சூப்பர் அண்ணா!" என்று முதலில் சந்தோஷப்பட்டான். அப்புறம் ஏதோ தோன்றிப் போனில் தேடினான். படிக்கப் படிக்க அவன் விரல் மெதுவாகிவிட்டது. "பாலிஷ் பண்ணினா விலை போகாதுன்னு போட்டிருக்கே அண்ணா?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"அப்ப ரெண்டு வருஷம் கழிச்சு நான் வித்தா?"

"தம்பி, நீங்க போட்டுக்க வாங்கறீங்களா, விக்க வாங்கறீங்களா?"

அவன் யோசித்தான். "ரெண்டுக்கும்தான்."

"நானும் அப்படித்தான் வாங்கினேன்."

"அப்ப எது நடந்துச்சு?"

"ரெண்டும் நடக்கல."

அவன் சிரிக்கவில்லை. நானும் சிரிப்புக்குச் சொல்லவில்லை. வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்தான். டீக்கு அவனே காசு கொடுத்தான். அமைச்சர் அவன் தெரு திரும்பும் வரை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"உனக்கு என்னடா கெட்டுப் போச்சு? அவனுக்குப் பளபளன்னு இருக்கறது புடிச்சிருந்துச்சு. போட்டுக்கிட்டு ராஜா மாதிரி சுத்தியிருப்பான். இப்ப அவனுக்கும் இல்ல, உனக்கும் இல்ல. யாருக்குடா லாபம்?"

வியாழக்கிழமை முழுக்க அந்தப் பையனிடமிருந்து போன் வரும் என்று சக்கரத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வரவில்லை. சூப்பர்வைசர் அம்மா இரண்டு சட்டத்தைத் திரும்ப மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சொன்ன ஏழு பங்கைக் கொடுத்தார். கொடுக்கும்போது, "மறுபடி கோடு போட முடியும், ஆனா போன ஓரம் வராது" என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா, விலைக்குச் சொன்னாரா தெரியாது. அங்கிருந்து நேராகத் தேர்வு அலுவலகத்துக்கு ஓடினேன். வரிசையில் எனக்கு முன்னால் பதினைந்து பேர், மூடுவதற்கு நாற்பது நிமிடம். கையில் இருந்தது எட்டு. இரண்டையும் கட்ட முடியாது. ஒன்றைக் கட்டலாம், விட்டதை அடுத்த வருடம் எழுதலாம். எது என்று வரிசை நகர நகர மாற்றிக்கொண்டே இருந்தேன். எழுத்து நாலுதான், கட்டினால் கையில் நாலு மிஞ்சும், ஆனால் அடுத்த வருடம் ஆறு சேர்க்க வேண்டும். செய்முறை ஆறு, இப்போது கட்டினால் மிஞ்சுவது இரண்டு, அடுத்த வருடம் நாலு போதும். அப்புறம் ஒன்று தோன்றியது. பணம் கையில் நாலு மிஞ்சினால் நான் சும்மா இருப்பேனா?

கவுன்டரில் இருந்த அம்மா தலை நிமிராமல் கேட்டார். "ரெண்டுமா, ஒண்ணா?"

"ஒண்ணு."

"எது?"

"செய்முறை."

இப்போது நிமிர்ந்தார். "எல்லாரும் எழுத்துதானே முதல்ல எழுதுவாங்க? அதுதான் சுலபம். மாத்திப் போடட்டுமா?"

அக்கா, அந்த ஒரு நொடியில் என்னைத் தவிர எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிற மாதிரி இருந்தது. பின்னால் நின்றவர், "சீக்கிரம் சொல்லுங்க தம்பி, மூடிடுவாங்க" என்றார்.

"மாத்த வேண்டாம் மேடம்" என்றேன். ஏன் சொன்னேன் என்று கேட்காதே. ஆறு பங்கை எண்ணி வைத்தேன். அவர் சீட்டில் முத்திரை குத்திக் கொடுத்தார்.

அதனால் இதுதான் பதில். ஒரு பகுதிக்குக் கட்டிவிட்டேன், ஒரு பகுதிக்குக் கட்டவில்லை. சம்பளம் இந்த வருடம் ஏறாது. மிச்சம் இரண்டு பங்கு இருக்கிறது, அதை அக்கா, உன் கணக்குக்கு அனுப்புகிறேன். நான் எவ்வளவு கேட்டாலும், என்ன காரணம் சொன்னாலும், எழுத்துத் தேர்வுக்குப் பணம் கட்டுகிற நாள் வரை திருப்பி அனுப்பாதே.